வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்: அடுப்படியில் நிற்பவனின் மதிப்புரை

கல்யாணச் சமையல் ஒப்பந்தத் தொழிலில் எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. ஆயிரம் இலைக்குச் சாப்பாடு என்றால் எத்தனை மூட்டை அரிசி இறக்க வேண்டும், எத்தனை அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டும், பந்தி பதினொன்றரைக்கு என்றால் பருப்பை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் புத்தகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று பேரிடர் நேர்ந்த இடங்களுக்குப் போய்ச் சமைத்துப் போடும் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமெரிக்க அறக்கொடை அமைப்புக்குச் சில ஆண்டுகளாகச் சிறு தொகை அனுப்பி வருகிறேன். பணம் கொடுப்பவன் என்ற முறையிலும், அதே வேலையைக் கூலிக்குச் செய்பவன் என்ற முறையிலும், அந்தச் சேவையின் தரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். போர்முனைகளிலும் அவர்கள் சமைக்கிறார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று காசாவில் அவர்களுடைய பணியாளர்கள் ஏழு பேர் கொல்லப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். அது வேறு அளவுகோல் கேட்கிற விஷயம் என்பதால், இங்கே இயற்கைப் பேரிடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடைய அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் அடையாறு கரைபுரண்டு சென்னைக்குள் வந்தபோது, தியாகராய நகரை ஒட்டிய ஒரு மண்டபத்தில் மறுநாள் வரவேற்புக்காக வாங்கிப் போட்ட மளிகையோடும் காய்கறியோடும் நானும் என் ஆட்கள் பதினான்கு பேரும் மாட்டிக்கொண்டோம். கல்யாணம் தள்ளிப் போயிற்று. பெண்ணின் தகப்பனார், "சரக்கு வீணாப் போறதுக்கு யாராவது சாப்பிடட்டும், நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபத்தில் எரிவாயு இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, கை நிறைய ஆள் இருந்தார்கள். ஆகவே யோசிக்காமல் சாம்பார் சாதம் கிண்டினோம். ஆயிரத்து இருநூறு பொட்டலம் ஆயிற்று. ஆவி அடங்குவதற்குள் பிளாஸ்டிக் தாளில் கட்டிச் சாக்கில் அடுக்கி அனுப்பினோம். வண்டி காசி தியேட்டர் பக்கம் போக முடியாமல் சுற்றிச் சுற்றி, ஜாபர்கான்பேட்டையில் மாடியில் நின்றவர்களின் கைக்குப் பொட்டலம் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கயிற்றில் வாளி கட்டிப் பொட்டலத்தை மேலே இழுத்துக்கொண்ட ஓர் அம்மாள், பிரித்துப் பார்த்துவிட்டு, அதே வாளியில் மூன்று பொட்டலங்களைத் திருப்பி இறக்கினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, ஊசிப் போயிருக்கு. தண்ணி இருந்தா மட்டும் குடுங்க" என்றார். கோபமே இல்லாமல் அவர் சொன்ன அந்தச் சொல், தொழிலில் நான் வாங்கிய எந்த வசவையும்விடக் கனமாக இருக்கிறது.

பருப்பும் காயும் சேர்ந்த குழைந்த சோற்றைச் சூட்டோடு மூடிக் கட்டினால் நாலைந்து மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பது என் கடைசி உதவியாளுக்கும் தெரியும். பந்திக்குப் பரிமாறும் புத்தியில் வெள்ளத்துக்குச் சமைத்ததுதான் தவறு. மறுநாள் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளியோதரை கிளறி, வேட்டியில் பரப்பி ஆற வைத்துக் கட்டினோம்; அது நின்றது. ஆனால் மூன்றாம் நாள் இன்னொரு குறை கண்ணில் பட்டது. பெரிய சாலையில் ரொட்டியும் பிஸ்கட்டும் சுமந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடப் போகவில்லை. நான்காம் நாள் எங்கள் பொட்டலங்களை வாங்கிக்கொள்ள வந்த ஒரு கூட்டம், அவற்றின்மேல் ஒட்டுவதற்கென்று தங்கள் தலைவரின் படத்தைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தது. அதைப் பற்றி மேலே எழுதினால் இது வேறு கட்டுரை ஆகிவிடும்.

ஆகவே பேரிடர்ச் சமையலை நான் சில கேள்விகளால் அளக்கிறேன். அந்த ஊர்க்காரர் அந்த நேரத்தில் சாப்பிடக்கூடிய பண்டமா? கைக்குப் போய்ச் சேரும்போது கெடாமல் இருக்குமா? உள் தெருவுக்குப் போகுமா? அந்த ஊரில் ஏற்கெனவே அடுப்பு வைத்திருப்பவனை அருகில் சேர்த்துக்கொண்டார்களா, அல்லது அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டார்களா? எத்தனை இலட்சம் சாப்பாடு என்ற கணக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வரும்.

வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சனை 2010இல் தொடங்கியவர் ஹோசே ஆண்ட்ரெஸ் என்ற சமையற்கலைஞர். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உணவகங்கள் நடத்திப் பேர் வாங்கியவர். அந்த ஆண்டு ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது அவர் அங்கே போய் முகாம் ஒன்றில் கறுப்பு பீன்ஸ் சமைத்தார். தான் சமைத்த விதத்தைக் கண்ட முகாம் பெண்கள், எங்கள் ஊரில் இதை இப்படி முழுசாகப் போடுவதில்லை, மசித்துக் கடைந்து கூழாக்கிச் சோற்றின்மேல் ஊற்றுவோம் என்று சொல்லித் தந்ததாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற சமையற்காரரிடம், வீடு இடிந்து கூடாரத்தில் கிடக்கும் பெண் ஒருத்தி, "பருப்பைக் கடையணும்பா" என்று சொல்கிற காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். சொன்னவளுக்கு அன்று பசி இல்லாமல் இல்லை. பசித்தவன் எதைப் போட்டாலும் தின்பான் என்று நினைக்கிற நம்முடைய பெரிய மனசுக்கு அவள் கொடுத்த பதில் அது. கேட்டவர் கடைந்தார் என்பதால்தான் அந்த அமைப்பின் மீது எனக்கு முதல் மரியாதை வந்தது.

தொடக்க ஆண்டுகளில் அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஹெய்ட்டியில்தான் நடந்தது. புகை குறைந்த அடுப்பு, பள்ளிக்கூடச் சமையலறை, சமையல் பயிற்சி என்று நிதானமான பணிகள். இன்று நாம் அறிந்த உருவத்தை அந்த அமைப்பு எடுத்தது, கரிபியன் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவில். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அத்தீவைக் கடந்தபோது, ஏறத்தாழ 34 இலட்சம் மக்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த கட்டமைப்பு முழுவதும் விழுந்துவிட்டது. தன் உணவில் சுமார் 85 விழுக்காட்டை வெளியிலிருந்து இறக்கிச் சாப்பிடும் தீவு அது. பம்பு ஓடாததால் தண்ணீர் இல்லை, குளிர்பதனம் இல்லாததால் இறைச்சி கெட்டது, கோபுரங்கள் சாய்ந்ததால் தொலைபேசி இல்லை. துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்கு இருந்தும், அதை எடுத்துப் போக ஓட்டுநரும் டீசலும் சாலையும் இல்லை. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 25 அன்று, ஆண்ட்ரெஸ் அங்கே இறங்கினார்.

இறங்கியதும் அவர் தேடிப் போனது ஹோசே என்ரிக்கே என்ற உள்ளூர்ச் சமையற்கலைஞரை. தலைநகர் சான் ஹுவானில் சாந்துர்சே பகுதியில் அவருடைய உணவகம் இருந்தது. மின்சாரமற்ற அந்த ஊரில், இருந்த சரக்கை வைத்து அங்கே சான்கோச்சோ செய்தார்கள். அது இறைச்சியோடு சோளம், வாழைக்காய், மரவள்ளி முதலான கிழங்குகளைத் துண்டு போட்டுக் கொதிக்க வைக்கும் கெட்டியான குழம்பு. அந்தத் தீவில் மழை நாளிலும் நோயாளி வீட்டிலும் கூட்டம் கூடும்போதும் அடுப்பில் ஏறுவது. நம் ஊரில் ரசம் சாதத்துக்கு இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம். தொழில்முறையாகப் பார்த்தால் அது சரியான தேர்வு: கிடைக்கிற கிழங்கு எதுவானாலும் சேரும், கொதித்துக்கொண்டே இருக்கிற வரை கெடாது, ஆள் கூடினால் தண்ணீரும் உப்பும் சேர்த்து நீட்டலாம். முதல் நாள் ஆயிரத்தை ஒட்டிய சாப்பாட்டோடு தொடங்கிய வேலை, சில நாட்களில் அந்த உணவகத்தின் வாசலுக்கு வெளியே தெருவில் வழிந்து, பிறகு ஊரின் பெரிய விளையாட்டரங்கத்துக்கு இடம் பெயர்ந்தது. உச்சத்தில் ஒரே நாளில் ஒரு இலட்சத்தைத் தாண்டினார்கள். தீவு முழுவதும் இருபதுக்கு மேற்பட்ட சமையற்கூடங்களில் மொத்தம் 30 இலட்சத்துக்கும் அதிகமான சாப்பாடு அங்கே போயிற்று.

அந்தப் பெரிய அரங்கத்துச் சமையலின் படங்களை நான் வெகு நேரம் பார்த்திருக்கிறேன். நாம் ஆழமான அண்டாவில் சோறு வடிப்போம். அவர்கள் ஸ்பெயின் நாட்டுப் பயேயா சட்டியில், அதாவது ஒரு கட்டில் அகலத்துக்கு விரிந்த, ஒரு சாண் ஆழம்கூட இல்லாத தட்டையான இரும்புச் சட்டியில், கோழியும் அரிசியும் சேர்த்துத் துடுப்புப் போன்ற கரண்டியால் கிளறுகிறார்கள். இதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. ஆழமான அண்டாவில் அடி குழைந்து மேல் விறைக்கும். பரந்த சட்டியில் சோறு சீராக வேகும், சீக்கிரம் ஆறும், பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் நேராகத் தட்டில் அள்ளலாம். கெடுவதற்கு முன் ஆற வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் இடத்தில் அந்த வடிவமே ஒரு பாதுகாப்பு. இன்னொரு பக்கம் நீளமான மேசைகளில் தொண்டர்கள் வரிசையாக நின்று ரொட்டிக்கிடையில் ஹாமும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுக்குகிறார்கள். ரொட்டி வறண்டு தொண்டையில் அடைக்கக் கூடாது என்பதற்காக மயோனைஸை அள்ளிப் பூசச் சொல்லி ஆண்ட்ரெஸ் தொண்டர்களைத் துரத்துவாராம். தண்ணீர் கிடைக்காத ஊரில் வறண்ட ரொட்டியைக் கொடுப்பது பாதிக் கொடுமை என்பதை எங்கள் 2015 பிஸ்கட் வண்டிகளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

விநியோகத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சாப்பாட்டை எடுத்துப் போகும் வண்டிக்காரர் வெறுமனே இறக்கிவிட்டுத் திரும்புவதில்லை. அடுத்த ஊரில் யார் இருக்கிறார்கள், எந்தப் பாலம் இடிந்திருக்கிறது, எந்த முதியோர் இல்லத்தில் எத்தனை பேர் என்பதைக் கேட்டு வந்து சமையற்கூடத்தில் சொல்ல வேண்டும். சுவரில் தீவின் பெரிய வரைபடம்; வருகிற செய்தி அதில் குறியாக ஏறும். தொலைபேசி செத்துப்போன தீவில் சாப்பாட்டு வண்டியே தபால்காரன் ஆயிற்று. உள் தெரு விடுபட்டுப் போவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒப்பிடுவதற்கு அதே தீவில் அரசு வழியாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேரிடர் நிர்வாக முகமையான ஃபெமா, 3 கோடி சாப்பாட்டுப் பொதிகளுக்காக 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை, பெரிய அளவுப் பேரிடர் உதவியில் அனுபவமில்லாத ஒரு சிறு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தவணை வந்தபோது போய்ச் சேர்ந்தவை 50,000 பொதிகள். அவையும் தானாகச் சூடாகும் வகையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மாறாக, சூடேற்றும் பை தனியே, உணவு தனியே என்று வந்தன. ஒப்பந்தம் ரத்தாயிற்று, 2018 பிப்ரவரியில் செய்தி வெளியே வந்தது. காகிதத்தில் 3 கோடி என்று எழுதியிருந்தது, அதுதான் அழகு. என் தொழிலில் இப்படிப்பட்ட ஒப்பந்தக்காரரை நாங்கள் "கொட்டேஷன் மாஸ்டர்" என்போம். நியாயமாகச் சொன்னால், ஃபெமா வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சனுக்கும் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஆனால் பிறகு அதை நீட்டிப்பதில் இழுபறி ஏற்பட்டு, ஆண்ட்ரெஸ் அந்த முகமையை வெளிப்படையாகவே திட்டினார். அவருடைய வாய் கொஞ்சம் நீளம்தான். அது அமைப்புக்கு நன்கொடையையும் சேர்த்திருக்கிறது, பகையையும் சேர்த்திருக்கிறது.

பஹாமாஸ் தீவுகளில் வேறு வகையான கணக்கு. 2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல் அபாக்கோ தீவில் ஏறி, கிராண்ட் பஹாமாவின் மேல் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்று அரைத்தது. புயல் வருவதற்கு முன்னரே இவர்களுடைய ஆட்கள் தலைநகர் நாசோவில் வந்து தங்கியிருந்தார்கள்; அடி விழாத அந்த ஊரில் ஒரு பெரிய விடுதியின் சமையலறையைப் பிடித்துச் சமைத்து, ஹெலிகாப்டரிலும் படகிலும் கடல் தாண்டி அனுப்பினார்கள். முன்கூட்டியே போய் உட்காருவது, அடி விழாத பக்கத்தில் அடுப்பு வைப்பது என்ற இரண்டும் பேரிடர்ச் சமையலின் அரிச்சுவடி. என்றாலும் ஹெலிகாப்டரில் போகும் சோற்றுக்கு ஒரு சாப்பாட்டின் அடக்க விலை என்னவாக இருக்கும் என்று நினைத்தாலே என்னைப் போன்ற ஒப்பந்தக்காரனுக்குத் தலை சுற்றுகிறது. முதல் பத்து நாளைக்கு அந்தச் செலவை நான் கேள்வி கேட்க மாட்டேன். அதற்குப் பிறகும் அப்படியே போனால் கேட்பேன்.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் மவுயி தீவில் லஹைனா ஊர் எரிந்தபோதும் அவர்கள் செய்தது அடிப்படையில் இதே முறைதான். மவுயியில் உள்ளூர்ச் சமையற்காரர்கள் ஏற்கெனவே ஒரு கல்லூரிச் சமையலறையில் கூடிச் சமைக்கத் தொடங்கியிருந்தார்கள், இவர்கள் அதற்குத் தோள் கொடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

அமெரிக்காவின் ஆஷ்வில் நகரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பிரச்சினை அரிசியுமில்லை, ஆளுமில்லை, தண்ணீர். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயலின் மழை வட கரோலினாவின் மலைப்பகுதியில் கொட்டியதில் அந்த நகரின் குடிநீர்க் குழாய்கள் மலைச்சரிவோடு பெயர்ந்து போயின. குழாயைத் திறந்து அச்சமின்றிக் குடிக்கலாம் என்ற அறிவிப்பு வர நவம்பர் நடுப்பகுதி தாண்டிவிட்டது. உணவகங்கள் நிறைந்த சுற்றுலா ஊர் அது. கட்டடம் நிற்கிறது, அடுப்பு இருக்கிறது, சமையற்காரர் இருக்கிறார், ஆனால் அரிசி கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் கை கழுவவும் நீர் இல்லாததால் எல்லாக் கடையும் பூட்டு. வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அங்கே தண்ணீரை லாரியில் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்பி, சமையற்கூடத்தை ஓட வைத்து, வேலை இழந்து நின்ற உணவகங்களுக்குப் பணம் கொடுத்து ஊருக்குச் சமைக்க வைத்தது. நூறு பேர் சாப்பாட்டுக்குச் சமையல், கழுவல் எல்லாம் சேர்த்து எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதை வெளியாட்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். அரிசி மூட்டையைத் தானம் கொடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள்; தண்ணீர் லாரியையும் கழுவுகிற ஆளையும் தானம் கொடுப்பவர் அரிது. அங்கே பணத்தை இவர்கள் செலவழித்த இடம் சரியான இடம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

உள்ளூர்க் கடைக்காரனுக்குக் காசு கொடுத்துச் சமைக்க வைப்பது என்ற இந்த ஏற்பாட்டை நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சைதாப்பேட்டையில் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆகியும் தெருமுனையில் இலவசச் சாப்பாடு நடந்துகொண்டே இருந்தது. அதற்கு எதிரே, சேறு வாரிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கந்துவட்டிக்குக் கடன் வாங்கி மெஸ்ஸைத் திறந்த அக்கா ஒருவர், அறுபது இட்லியை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நல்லது பண்றவங்களை எப்படித் திட்டறது, சொல்லுங்க" என்று கேட்டார். அதே இலவசச் சாப்பாட்டை அவரிடம் விலை கொடுத்து வாங்கிக் கொடுத்திருந்தால், சாப்பிட்டவரும் பிழைத்திருப்பார், அவரும் வட்டி கட்டியிருப்பார். புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவின் சிறு விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் நிதி கொடுத்து மீண்டும் உற்பத்தியில் நிறுத்தும் திட்டத்தை இவர்கள் தொடங்கியதும் இந்த யோசனையின் நீட்சிதான். இறக்குமதிச் சோற்றை நம்பிய தீவில் அதுதான் நீண்ட நாள் மருந்து, ஆனால் அதற்குச் செய்தித்தாளில் படம் கிடைக்காது.

இனிக் குறைகள்.

முதலாவது, சாப்பாட்டு எண்ணிக்கை. இவர்களுடைய ஒவ்வோர் அறிவிப்பும் இத்தனை இலட்சம் சாப்பாடு என்றுதான் தொடங்குகிறது. ஒரு பெரிய சூடான தட்டும் ஒரு சாண்ட்விச்சும் அந்தக் கணக்கில் தலைக்கு ஒன்றுதானா, சாப்பிட்டது எவ்வளவு, குப்பைக்குப் போனது எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று கணக்குக் காட்டுகிற ஒப்பந்தக்காரனிடம், எடுத்த இலையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்கிற கல்யாண வீட்டுக்காரர்தான் விவரமானவர். நன்கொடையாளர்களும் அப்படிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மூடியோடு கூடிய ஒருமுறைப் பெட்டிகளும் அலுமினியத் தட்டுகளும். குப்பை லாரியே ஓடாத ஊரில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இவற்றை இறக்கினால், அடைத்த சாக்கடை இன்னும் அடைக்கும். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் வேறு வழி இல்லை என்ற சமாதானம் முதல் வாரத்துக்குச் செல்லும். வாழையிலையும் மந்தாரையிலையும் கிடைக்காத நாட்டில் நான் அதிகம் பேசக் கூடாதுதான். ஆனால் ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு தெருவும் தன் பாத்திரத்தைக் கொண்டுவந்து வாங்கிப் போகச் செய்வது அசாத்தியமான காரியமல்ல. நம் கோயில் பிரசாத வரிசையில் தூக்குவாளிகளோடு நிற்பவர்கள் அதைத் தலைமுறைகளாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது, ஒரே முகம். அமைப்பு என்றால் ஆண்ட்ரெஸ், ஆண்ட்ரெஸ் என்றால் அமைப்பு என்று ஆகிவிட்டது. 2021இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 10 கோடி டாலரை அவர் பெயருக்குத்தான் கொடுத்தார். அதையொட்டிக் காலநிலைப் பேரிடர்களுக்காகப் பத்தாண்டில் 100 கோடி டாலர் என்று பெரிய திட்டம் அறிவிக்கப்பட்டது. தலைமைச் சமையற்காரரின் பெயருக்காகக் கூட்டம் வரும் கடையில், அவர் விடுமுறை எடுத்தால் சாம்பார் மாறிவிடும் என்ற பயம் எப்போதும் இருக்கும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு, மூட்டியவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் எரிகிறது. அது தினப்பசிக்கான அடுப்பு, இது ஓடுகிற அடுப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று தெரிந்தும், அவர் இல்லாத இருபதாவது ஆண்டில் இது எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

நான்காவதைக் குறை என்பதா, இயல்பு என்பதா என்று தெரியவில்லை. கேமரா உள்ள இடத்தில் பணம் கூடுகிறது. புளோரிடாவில் புயல் என்றால் மூன்று நாளில் உலகம் அறியும். கரிபியனின் சின்னத் தீவில் எரிமலை வெடித்தால் அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. 2021 ஏப்ரலில் செயின்ட் வின்சென்டில் லா சூஃப்ரியர் வெடித்தபோது இவர்கள் அங்கே போய்ச் சமைத்தார்கள் என்பதை நான் பாராட்டாகவே குறிப்பிடுகிறேன். அதே ஆண்டு இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலையில், சமையற்கலைஞர் சஞ்சீவ் கபூருடனும் தாஜ் விடுதிகளுடனும் கைகோத்து மருத்துவமனை ஊழியர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததும் நம்மில் பலருக்குத் தெரியாது.

நன்கொடை அனுப்ப நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இது வெளிநாட்டு அமைப்பு என்பதால் இந்தியாவில் வருமான வரிக்கு 80ஜி பிரிவின் கீழ் கழிவு கிடைக்காது. அதை எதிர்பார்த்து அனுப்பாதீர்கள். அட்டை வழியாக டாலரில் போவதால் மாற்றுக் கட்டணமும் சேரும். மாதாமாதம் தானாகப் போகும் ஏற்பாட்டை நான் செய்திருந்தேன்; 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்ததும் அது சத்தமில்லாமல் நின்றுவிட்டது. என் வங்கிக் கிளையில் போய்க் கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த பையன், "சார், இது ஓடிடி சந்தாவா?" என்று கேட்டான். இல்லையப்பா, சாப்பாடு என்றேன். "அப்ப ஸ்விக்கிக்குத் தனி செட்டிங் இருக்கு சார்" என்றான். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பிவிடுகிறேன். ரசீது மின்னஞ்சலில் உடனே வருகிறது, இதுவரை தவறியதில்லை.

அனுப்பலாமா என்று கேட்டால் அனுப்பலாம் என்பேன். ஆனால் நம் ஊரில் புயல் வந்தால் அவர்கள் வந்து சமைப்பார்கள் என்ற நம்பிக்கையில் அனுப்ப வேண்டாம். அந்த வேலையை இங்கே செய்யத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள், அவர்களை நாம் தெரிந்துவைத்திருக்காததுதான் குறை. போன ஐப்பசியில், அடைமழை பிடிக்கும் முன், எங்கள் வட்டாரத்து மெஸ்காரர்கள், டீக்கடைக்காரர்கள், கோயில் மடைப்பள்ளிப் பொறுப்பாளர், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, யார் அடுப்பு மேல்தளத்தில் இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யார் கிணற்றில் நல்ல தண்ணீர், பூட்டிய மண்டபத்தின் சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒருவர் மட்டும், "அண்ணே, ஓட்டு கீட்டு விஷயமா?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் பிறகு எண் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது என் மளிகைச் சிட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. பதினோரு பெயர் இருக்கிறது. முதல் பெயர் அந்த அறுபது இட்லி அக்காவுடையது.